பென்குயின் வீட்டுல பேரன்டிங் கிளாஸ் கிடையாதுலே!

ஏலே தம்பி, வா, இப்படி உக்காரு. அந்தப் போனைக் கீழ வையி. வைக்க முடியாதோ? பிள்ள தூங்குததை அதுலதான் பாக்கணுமாக்கும். பிள்ள எங்க தூங்குது? அடுத்த ரூம்பு. நாலு எட்டு வச்சா நேர்ல பாத்துரலாம். ஆனா நடந்து போய்ப் பாத்தா அது பட்டிக்காட்டு வளப்பு. தொட்டிலுக்கு மேல கேமரா மாட்டி, இங்க உக்காந்து பாத்தாத்தான் படிச்சவன் வளப்பு. சரி, இருக்கட்டும்.

ஒனக்குப் பிள்ள பெறந்து நாலு மாசம் ஆவுது. ஒங்க வீட்டுல நடக்குத கூத்தையும் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். பால் குடிச்சா ஆப்புல குறிக்கணும். ஒண்ணுக்குப் போனா குறிக்கணும். சிரிச்சா தேதி போட்டுக் குறிக்கணும். ஞாயித்துக்கெழமை ஒரு அம்மா கம்ப்யூட்டர்ல வந்து பிள்ளையக் கொஞ்சுதது எப்படின்னு பாடம் எடுக்கா. அதுக்குப் பீஸு வேற. கொஞ்சுததுக்குப் பீஸு கட்டுன மொத தலைமுறை நீங்கதாம்லே!

நான் ஒரு சங்கதி சொல்லுதேன், கேட்டுக்கோ. நம்ம ஊருச் சங்கதி இல்ல. அன்னா பூமிக்குத் தெக்குக் கோடியில, அண்டார்டிகாவுல நடக்குதது. லூக் ஜாக்கேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 2005-ல பென்குயினைப் பத்தி ஒரு படம் எடுத்தாரு. ஆஸ்கர் வாங்குன படம். டிவியில அதைப் பாத்ததுல இருந்து எனக்கு அந்தப் பறவைக மேல ஒரு கிறுக்கு. பேத்தி படிச்சுப் படிச்சுச் சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். வயசான காலத்துல வேற என்ன சோலி?

அங்க எம்பரர் பென்குயின்னு ஒரு சாதி. பென்குயின்லயே பெரிசு. மத்த பறவையெல்லாம் குளிர் வருதுன்னு ஓடுத நேரத்துல இதுக கடலை விட்டு ஏறி, பனி மேல கூட்டங்கூட்டமா நடக்குதுக. எடத்தைப் பொறுத்து 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் கூடப் போவும். மே, ஜூனுல பொட்டை ஒரே ஒரு முட்டை போடும். கிட்டத்தட்ட அரைக் கிலோ. கூடு கெடையாது, குச்சி கெடையாது, வைக்கோல் கெடையாது. தரை பூராவும் பனிக்கட்டி. முட்டையைக் கீழ விட்டா, கொஞ்ச நேரத்துல உள்ள இருக்குத உசுரு வெறைச்சுப் போயிரும்.

அதனால ஆத்தாக்காரி முட்டையைத் தன் காலு மேல இருந்து அப்பன் காலு மேல தள்ளி விடணும். கை இருக்கா அதுகளுக்கு? அலகாலயும் காலாலயும் உருட்டணும். புதுசாக் கட்டுன சோடிக தடுமாறும், சிலது கோட்டை விட்டுரும். தப்பிச்சு வந்த முட்டையை அப்பன் காலு மேல ஏத்தி, வயித்துத் தோலை இழுத்து மூடிக்கிடும். அந்த எடத்துல எறகு இருக்காது. வெறுந்தோலு, ரத்த ஓட்டம், கதகதப்பு. வெளிய மைனஸ் 40 டிகிரி. உள்ள மனுசன் ஒடம்புச் சூடு.

ஆத்தாக்காரி அதுக்கப்புறம் நிக்க மாட்டா. முட்டை போட்டதுல ஒடம்பு எளைச்சுக் கெடக்கும். கடலுக்கு எரை தின்னப் போயிருவா. ரெண்டு மாசம்! அப்பன்தான் நிக்கணும். ஏறக்குறைய 65 நாளு அடை. சோடி சேந்த காலத்தையும் கூட்டிப் பாத்தா நாலு மாசத்துக்கிட்ட பட்டினி. 40 கிலோவுக்குக் கிட்ட வந்தவரு, முடிக்கையில இருபத்துச் சொச்சத்துல நிப்பாரு. குதிகாலையும் வாலையும் ஊணிக்கிட்டு, முன்பாதத்தை லேசாத் தூக்கிக்கிட்டு நிக்குததையும் படத்துல காட்டுதான். பனியில படுத எடம் எம்புட்டுக் கொறையுதோ அம்புட்டுச் சூடு மிச்சம். இதை எந்த கோச்சுலே சொல்லிக் குடுத்தான்?

ஒத்தையில நின்னா செத்துப் போவும். ஆயிரக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். ஒரு சதுர மீட்டருக்குள்ள பத்து அப்பன்மாரு. ஒரு நிமிசத்துக்கு ஒருக்கா கூட்டம் பூராவும் ஒரு சின்ன அடி வைக்கும். நம்ம தேரு நகருத மாதிரி, எங்க தொடங்குச்சுன்னு தெரியாது, ஆனா எல்லாம் நகந்திருக்கும். வெளிய நின்னவன் உள்ள வருவான், உள்ள நின்னவன் வெளிய போவான். உள்ள சூடு 37 டிகிரியைத் தொடும்னு அளந்து வச்சிருக்காக. சங்கம் கெடையாது, தலைவரு கெடையாது. நீங்க ஒரு அபார்ட்மெண்டுல இருபது அப்பன்மாரு இருக்கீக. பிள்ளைக வெளையாட ஒரு எடத்தை ஒழிச்சுக் குடுக்க முடிஞ்சுதா? ஆறு மாசமா வாட்சப்புல தம்ஸ்-அப்பு போட்டுக்கிட்டுத்தான கெடக்கீக?

தூக்கம் போவுது, தூக்கம் போவுதுன்னு நீ ஊரு பூராவும் பொலம்புத. பிள்ளையத் தூங்க வைக்க ஒரு ஆலோசகரு, ஒன்னைத் தூங்க வைக்க இன்னொரு ஆலோசகரு. சின்ஸ்ட்ராப்னு ஒரு பென்குயின் இருக்கு. தாடைக்கடியில கறுப்பா ஒரு கோடு ஓடும். கிங் ஜார்ஜ் தீவுல அதுக அடைகாக்கையில தலையில கருவி வச்சுப் பாத்துருக்காக. 2023-ல சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல தூங்குது! ஒவ்வொரு தூக்கமும் நாலு நொடி. கண்ணைச் சொருகும், முழிக்கும், சொருகும், முழிக்கும். முட்டை திருடுத ஸ்குவாப் பறவை மேல ஒரு கண்ணு, தூக்கத்து மேல ஒரு கண்ணு. எல்லாத்தையும் கூட்டுனா 11 மணி நேரத்துக்கு மேல வருது. அதுக யாருக்கிட்டப் பொலம்புச்சு?

சரி, இங்க வரைக்கும் கேட்டுட்டு, 'பாத்தீகளா பெரியய்யா, பெத்தவுக தியாகம்னா இதுதான்'னு ஒரு ஸ்டேட்டஸ் போட்டுறாத. எல்லாரும் இந்த எடத்துலதான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு எந்திச்சுப் போயிருதாக. சங்கதியே இனிமேத்தான் இருக்கு.

எம்பரர் முட்டையில குஞ்சு பொரியும். ஆத்தா வந்து சேரலன்னா, நாலு மாசப் பட்டினியில நிக்குத அப்பன் தன் தொண்டைக் கொழாயில இருந்து பால் போல ஒண்ணைக் கக்கி ஊட்டும். அதை வச்சுச் சில நாளு ஓட்டலாம். இன்னொரு சாதி, கிங் பென்குயின். அதுல அப்பன்காரன் வயித்துல மீனைச் செரிக்காம மூணு வாரம் வச்சிருப்பான், ஆத்தா வரத் தாமசமானா ஊட்டுததுக்கு. கெட்டுப் போவாம இருக்க அந்த வயித்துக்குள்ளயே மருந்து ஊறுதாம். நீ ரெண்டு டோர் பிரிட்ஜு வாங்கி, நேத்துச் சாம்பாரைப் புளிக்க வைக்குத!

எம்பரர் ஆத்தா கடல்ல இருந்து திரும்பி வருவா. ஆயிரம் பேரு நிக்குத கூட்டத்துல எவன் தன் புருசன்? எல்லாம் ஒரே சட்டை. சத்தம்தான் அடையாளம். இவ கூப்புடுவா, அவன் பதில் குடுப்பான். அவுகளுக்கு ஒரே நேரத்துல ரெண்டு குரல் எழும்பும், அந்த ரெண்டும் சேருத சேர்மானம் ஆளுக்கு ஆளு வேற. கிங் பென்குயின் குஞ்சும் லேசுப்பட்டது இல்ல. கொரலைப் பதிஞ்சு போட்டுப் பாத்துருக்காக. அம்புட்டு எரைச்சல்லயும் ஒரு நொடி கூட வேண்டாம், பெத்தவுக கொரலைப் புடிச்சுரும். ஒம் பிள்ள எந்தக் கொரலைப் புடிக்கும்னு நெனைக்க? பாத்துக்கோ, கார்ட்டூன் பாட்டுக்காரி கொரலா இருந்துறப் போவுது.

பொறவு எம்பரர் ஆத்தாளும் அப்பனும் மொறை வச்சுக்கிட்டு ஒருத்தர் காலு மேல வச்சுக் காக்க, இன்னொருத்தர் கடலுக்குப் போக. இப்படி எம்புட்டு நாளு? ஒரு 50 நாளு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல காலை விட்டு எறக்கி விட்டுரும்! ஒரு ஆளு கொண்டாருத மீனு பத்தாது, ரெண்டு பேரும் ஒழைக்கணும். குஞ்சுக எல்லாம் ஒண்ணாக் கூடி நிக்கும். அதுக்கு ஆராய்ச்சிக்காரவுக வச்ச பேரு நம்ம பால்வாடிதான். ஆனா தனியா ஆயா கெடையாது, யூனிபாரம் கெடையாது, ஆண்டு விழா கெடையாது. குளிருதா? பக்கத்துப் பிள்ளையோட ஒட்டிக்கோ. வேட்டைப் பறவை வருதா? நடுவுல போயிரு. சேர்க்கைக்கு அப்பனையும் ஆத்தாளையும் இண்டர்வியூ பண்ணுத வழக்கமும் அங்க இல்ல.

இப்ப அடேலின்னு ஒரு குட்டிச் சாதிக்கு வா. இதுக கல்லு பொறுக்கிக் கூடு கட்டும். அடுத்தவன் அசந்தா அவன் கூட்டுக் கல்லை எடுத்து நம்ம கூட்டுல வச்சுக்கிடும். எல்லைக்கல்லை நகட்டுததுக்கு அங்கயும் ஆள் இருக்கு. ரெண்டு முட்டை, ரெண்டு குஞ்சு. மூணு வாரம் காவல். அப்புறம் பால்வாடி. அதுக்கப்புறம் நடக்குது பாரு ஒரு கூத்து, அதுக்குத்தாம்லே ஒன்னைய உக்கார வச்சிருக்கேன்.

ஆத்தாக்காரி கடல்ல இருந்து வாரா. வயித்துல கிரில்லு. நம்ம கூனி இருக்குல்லா, பாக்க அந்தத் தினுசு. கூட்டுக்கிட்ட வந்து கூப்புடுதா. பால்வாடியில இருந்து ரெண்டும் ஓடி வருது. வாயைப் பொளந்துக்கிட்டு வருது. நீயா இருந்தா என்ன செய்வ? மடியில உக்கார வச்சு, போன்ல பாட்டுப் போட்டு, 'ஒரே வாய்டா தங்கம், இந்த ஒரு வாய்டா'ன்னு ஊட்டுவ. அந்த ஆத்தா என்ன செய்யுதா தெரியுமா? திரும்பி ஓட்டம் புடிக்கா! கல்லுல, சகதியில, பனியில தத்தக்கா பித்தக்கான்னு ஓடுதா. குஞ்சுக ரெண்டும் குட்டிச் செறகை விரிச்சுக்கிட்டு வெரட்டுதுக. ஒண்ணு தடுக்கி விழுந்து மூஞ்சி பூராவும் சகதி. எந்திச்சு மறுபடியும் ஓடுது. ஆத்தா நிக்கா. முன்ன வந்தது வாயை வைக்குது, ஒரு வாய் கெடைக்குது. அடுத்த வாய்க்குள்ள மறுபடியும் ஓட்டம்.

நம்ம தெருவுல சாயங்காலம் எட்டிப் பாரு. கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு ஆத்தா ஓடுதா, பிள்ள முன்னால ஓடுது. அங்க ஆத்தா முன்னால ஓடுதா, பிள்ள பின்னால ஓடுது. எந்த ஓட்டத்துல பிள்ளைக்குப் பசிக்கும்? நீ சொல்லு. எதுக்காக ஓடுதான்னு படிச்சவுக பல காரணம் சொல்லுதாக. ரெண்டு பிள்ளையும் ஒரே நேரத்துல முட்டி மோதாம பிரிக்கலாம். ஓசியில வாயைப் பொளக்குத அடுத்த வீட்டுக் குஞ்சைக் கழிச்சு விடலாம். எதுக்கு நெசமாவே பசின்னு கண்டுக்கலாம். பசிச்சது ஓடும், வயிறு நெறைஞ்சது நின்னுரும். ஒம் பிள்ளைக்குப் பசிக்கான்னு நீ எங்க பாக்க? ஆப்பு மணி அடிச்சா பசி. ஏ மூதி, பசி பிள்ளைக்கா, போனுக்கா?

கொழுகொழுன்னு இருந்தாத்தான் அழகுன்னு ஒரு கூட்டம் உண்டு. மெல்போர்னுல ஒரு மீன் காட்சிசாலையில பெஸ்டோன்னு ஒரு கிங் பென்குயின் குஞ்சு. 2024-ல ஒலகமே அதைக் கொஞ்சுச்சு. ஒரு வயசு ஆகல, அதுக்குள்ள 22 கிலோவுக்கு மேல. தன் சொந்த எடத்துல அந்தச் சாதிக்குக் கொழுப்புக்கு ஒரு காரணம் இருக்கு. தெற்கு ஜார்ஜியா, குரோசே தீவுப் பக்கம் குளிர்காலத்துல மீனு தூரமாப் போயிரும். வாரக்கணக்குல ஆத்தாளும் வரமாட்டா, அப்பனும் வரமாட்டான். வேனக்காலத்துல ஏத்துன கொழுப்பைக் கரைச்சுத்தான் குஞ்சு உசுரை வச்சிருக்கும். பட்டினி கெடக்கப் போற பிள்ளைக்கு அந்த ஒடம்பு வேணும். ஒம் பிள்ளைக்கு எந்தப் பட்டினி வரப்போவுது? தெருமுனையில நாலு பேக்கரி இருக்கு, ராத்திரி பன்னெண்டு மணிக்கு வண்டியில பிரியாணி வருது.

இன்னொரு கூத்தும் கேளு. எம்பரர் கூட்டத்துல குஞ்சைப் பறிகொடுத்ததுக சிலது அடுத்தவன் குஞ்சைத் தூக்கப் பாக்கும். பாசம் ஒடம்புக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கும், காட்டுததுக்குப் பிள்ள இருக்காது. நாலஞ்சு சேந்து ஒரு குஞ்சுக்கு அடிச்சுக்கிடும். செயிச்சது எம்புட்டு நாளு வளக்கும்? கொஞ்ச நேரம், மிஞ்சுனா சில நாளு. அப்புறம் விட்டுட்டுப் போயிரும். தூக்க ஆசை, வளக்க ஆளில்ல. ஒம் பிள்ள மொத மாசம் முடிஞ்சதுக்குக் கேக்கு வெட்டுனியே, தூக்கி வச்சு போட்டோ புடிச்சவுகள்ல எத்தன பேரு அதுக்கப்புறம் ஒரு பீத்துணி மாத்துனாக? நான் எண்ணிச் சொல்ல வேண்டாம், ஒனக்கே தெரியும்.

இப்ப கடைசிக்கு வருவோம். அஞ்சு மாசம் ஆச்சுன்னா எம்பரர் குஞ்சு மேல இருக்குத பஞ்சு எறகு உதுர ஆரம்பிக்கும். தண்ணி ஒட்டாத எறகு முளைக்கும். முழுசா முளைக்கும் முன்னயே ஆத்தாளும் அப்பனும் கடைசியா ஒரு வாய் ஊட்டிட்டுக் கடலுக்குப் போயிரும். திரும்பி வராது. விடை சொல்லுதது கெடையாது, கட்டிப் புடிச்சு அழுவுதது கெடையாது. நீச்சல் சொல்லிக் குடுக்காது, மீன் புடிக்கச் சொல்லிக் குடுக்காது. குஞ்சுக நிக்கும், பாக்கும். பசி எடுக்கும். தானா நடந்து பனி முடியுத எடத்துக்குப் போவும். 2024 ஜனவரியில அட்கா விரிகுடாவுல நூத்துக்கணக்கான குஞ்சுக 15 மீட்டர் ஒசரப் பனிச்செவுத்து மேல வந்து நின்னதைப் படம் புடிச்சிருக்காக. ஒண்ணு எட்டிப் பாக்குது, பின்னால போவுது. மறுபடியும் எட்டிப் பாக்குது. பொறவு ஒண்ணு விழுந்துச்சு. கீழ தண்ணிக்கு மேல தலை வந்துச்சு. அதைப் பாத்து அடுத்தது, அதுக்கடுத்தது. மொத வருசத்துலயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்திப் போவுதுக.

ஒடனே நாளைக்குப் பிள்ளையக் கொண்டு தாமிரபரணியில போட்டுறாத! அந்தக் குஞ்சுகள்ல பல மொத வருசத்தைத் தாண்டாது. பறவைக்கு அது கணக்கு, நமக்கு அது கணக்கு இல்ல. பென்குயின்லயே எல்லாம் ஒரே ரகமும் இல்ல. ஜென்டூன்னு ஒண்ணு, குஞ்சு கடல்ல எறங்கி நீந்திட்டுக் கரைக்கு வந்தப்புறமும் கொஞ்ச நாளு ஊட்டும். அதுவும் கொஞ்ச நாளுதான். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். ஆனா எந்தப் பென்குயின் வீட்டுலயும் மாறாத ஒண்ணு உண்டு. குஞ்சு ஏறுத அளவுக்குப் பெத்தவுக பிடி எறங்கும். மொதல்ல காலு மேல, பொறவு பக்கத்துல, பொறவு கூட்டத்துல, பொறவு கடல்ல. நீங்க எல்லாரும் தலைகீழ். பிள்ள கைக்கொழந்தையா இருக்கையில போனைப் புடிக்கீக. அது வளந்து ஆளான பொறவு அதைப் புடிக்கீக.

ஒரு சங்கதியில மட்டும் அந்த அப்பன் ஆத்தாளாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. காலுக்கடியில இருக்குத பனி. 2022-ல அண்டார்டிகாவை ஒட்டுன பெல்லிங்ஸ்ஹாசென் கடல்ல எம்பரர் குஞ்சுகளுக்கு நல்ல எறகு முளைக்கும் முன்னயே கடல் பனி ஒடைஞ்சுருச்சு. அஞ்சு காலனியில நாலுல அந்த வருசக் குஞ்சுக தப்பலன்னு செயற்கைக்கோள் படத்தைப் பாத்துச் சொல்லுதாக. நாலு மாசப் பட்டினி, நடந்த நடை, எல்லாம் போச்சு. ஒம் பிள்ள ரூம்புக்குக் காத்தைச் சுத்தம் பண்ண ஒரு மிஷின் வாங்கி வச்சிருக்க. சரிதான். அந்த ரூம்பு நிக்குத எடம் முன்னால கொளமா இருந்துச்சு, அது தெரியுமா? பத்திரத்தை எடுத்துப் பாரு. அவனவன் பிள்ளைக்கு அவனவன் மிஷின் வாங்கலாம், நிக்குத தரையை எந்தக் கடையில வாங்குவ?

அதனால சொல்லுதேன், கேட்டுக்கோ. ஒம் பிள்ளைக்கு நாலு மாசம். இப்பப் புடி, கெட்டியாப் புடி. ராத்திரி ஒம் பொண்டாட்டி தூங்கட்டும், நீ முழிச்சிரு. ரெண்டு வயசுல தட்டை அது முன்னால வையி, எறைச்சாலும் தின்னாலும் அது பாடு. பசிச்சா வரும். ஆறு வயசுல செருப்பை அதுவே மாட்டட்டும், எடதை வலதுல மாட்டுனா காலு சொல்லிக் குடுக்கும். பத்து வயசுல கடைக்கு அனுப்பு, மிச்சச் சில்லறையை அது எண்ணட்டும். காலேசுக்குப் போனா ஆஸ்டல்ல மெத்தை விரிக்க நீ போகாத. வேலைக்கு இண்டர்வியூன்னா கூடப் போகாத. போய்த்தான் தீருவேன்னா வாசல்ல ஒரு டீயைக் குடிச்சுட்டு நில்லு, உள்ள எட்டிப் பாக்காத.

என்ன, மொறைக்க? ஒங்கப்பன் ஒன் மொத இண்டர்வியூவுக்கு உள்ள வரைக்கும் வந்து, ஒனக்குப் பக்கத்துல சேரு போட்டு உக்காந்து, 'தம்பி ராத்திரி ஷிப்டு பாக்க மாட்டான், அவனுக்குத் தயிர் ஆவாது'ன்னு சொன்னானே, அந்தக் கம்பெனிக்காரன் கடைசியில எவனை எடுத்தான்னு நான் கேக்கவா, வேண்டாமா?